பத்தாயிரம் அடி உயர ஓடுபாதைக்குச் சிறு விமானத்தில் போய்வருவது எப்படி?

கொலராடோ மாநிலத்தில் லெட்வில் என்று ஒரு பழைய வெள்ளிச் சுரங்க ஊர் இருக்கிறது. ஊருக்கு வெளியே ஒரே ஒரு ஓடுபாதையோடு சின்ன விமான நிலையம். உயரம், கடல் மட்டத்திலிருந்து 9,934 அடி. வட அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டில் உள்ள விமான நிலையங்களில் இதுதான் மிக உயரமானது. தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் அங்கே பருப்பு வேகாது. பருப்புக்கே இந்தக் கதி என்றால், காற்றை உறிஞ்சி ஓடும் என்ஜினுக்கும், காற்றின் மேல் சாய்ந்து நிற்கும் இறக்கைக்கும் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் விமானம் ஓட்டக் கற்றது டெக்சாஸ் கடற்கரையோரம். கடல் மட்டத்துக்கு மேல் 50 அடிகூட இருக்காது. உரிமம் வாங்கிச் சில வருடம் ஓட்டிவிட்டு, எல்லாம் தெரியும் என்ற நினைப்போடு டென்வர் வந்தேன். சென்டென்னியல் விமான நிலையம் 5,885 அடி. ஒரு ஜூலை மதியம் அங்கிருந்து முதல் முறை கிளம்பியபோது, ஓடுபாதை நழுவிக்கொண்டே போகிறது, விமானம் எழும்பவில்லை. என்ஜினில் கோளாறு என்று நினைத்து, சக்தியைக் குறைக்க த்ராட்டிலை இழுக்கப் போனேன். பக்கத்தில் இருந்த பயிற்றுநர் என் கையை மெல்லத் தடுத்தார். என்ஜின் நன்றாகத்தான் இருந்தது. கோளாறு என் எதிர்பார்ப்பில் இருந்தது.

சாதாரண செஸ்னா 172 போன்ற, டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத நான்கு இருக்கை விமானத்தில் லெட்வில்லுக்குப் போய்த் திரும்புவதைப் படிப்படியாகச் சொல்கிறேன். எண்கள் 180 குதிரைத்திறன் கொண்ட 172எஸ் ரகத்துக்கானவை. உங்கள் விமானத்தின் கையேட்டில் உள்ள எண்களே உங்களுக்குச் சட்டம். முதல் முறை தனியாகப் போகவே போகாதீர்கள். மலைப்பறப்புப் பயிற்சி தரும் ஒருவரோடு போங்கள். கொலராடோ பைலட்ஸ் அசோசியேஷன் இதற்கென்றே வகுப்பும் பறப்புப் பயிற்சியும் நடத்திவந்திருக்கிறது. அந்தப் பக்கம் விமானம் வாடகைக்குத் தரும் பல இடங்களில், மலைப்பயிற்சி முடித்த கையெழுத்து இல்லாமல் சாவியே தரமாட்டார்கள்.

முதலில் ஒரு கணக்கு

தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பது விமானத்துக்குத் தெரியாது. சுற்றியுள்ள காற்று எவ்வளவு அடர்த்தி என்பது மட்டும்தான் தெரியும். அந்த அடர்த்தியை உயரமாக மாற்றிச் சொல்வதுதான் டென்சிட்டி ஆல்டிட்யூட், அதாவது அடர்த்தி உயரம். இதைக் கையாலேயே போட்டுவிடலாம்.

உயரம் காட்டும் ஆல்டிமீட்டரில் தரநிலைக் காற்றழுத்தமான 29.92 அங்குலத்தை வைத்தால் அழுத்த உயரம் கிடைக்கும். இயல்பான நாளில் லெட்வில்லில் அது 9,900 அடியை ஒட்டி இருக்கும். தரநிலை வெப்பம் கடல் மட்டத்தில் 15 டிகிரி, ஆயிரம் அடிக்கு 2 டிகிரி வீதம் குறையும். ஆக லெட்வில்லின் தரநிலை வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரி. உண்மையான வெப்பம் அதைவிட எத்தனை டிகிரி கூடுதலோ, அதை 120 ஆல் பெருக்கி அழுத்த உயரத்தோடு கூட்டுங்கள்.

கோடை மதியம் 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். உடம்புக்கு இதமான வெயில். ஆனால் தரநிலையைவிட 25 டிகிரி கூடுதல். 25 பெருக்கல் 120 என்றால் 3,000. அடர்த்தி உயரம் 12,900 அடிக்கு மேல் போய்விடுகிறது. அதே நாள் விடியற்காலையில் 5 டிகிரி இருந்தால் 11,100 அடிதான். ஒரே ஓடுபாதை, ஒரே விமானம், நடுவில் சில மணி நேரம். வித்தியாசம் 1,800 அடி. மலைக்காரர்கள் ஏன் எல்லாவற்றையும் காலையிலேயே முடித்துக்கொள்கிறார்கள் என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி காற்று, அதற்குப் பிறகு வருகிறேன்.

12,900 அடியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. டர்போ இல்லாத என்ஜின் முழு த்ராட்டிலில் 63 சதவீதம் அளவுக்குத்தான் சக்தி தரும். 180 குதிரை என்று வாங்கியதில் 113 தான் வேலைக்கு வரும். மெலிந்த காற்றில் சுழலியும் இறக்கையும் இழப்பது தனிக் கணக்கு.

172எஸ் முழு எடையில் கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 730 அடி ஏறும். அதன் சேவை உச்சவரம்பு 14,000 அடி. நிமிடத்துக்கு 100 அடிக்கு மேல் ஏற முடியாத உயரம் என்று அதற்குப் பொருள். இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே கோடு போட்டால், 12,900 அடியில் நிமிடத்துக்கு 150 அடி அளவில்தான் ஏறும். தரைமேல் வேகம் நிமிடத்துக்கு ஒன்றரைக் கடல் மைல் என்றால், ஆயிரம் அடி ஏற ஏறக்குறைய பத்துக் கடல் மைல் வேண்டும். பள்ளத்தாக்கு அதைவிடச் செங்குத்தாக எழுந்தால் தரைதான் ஜெயிக்கும். இந்த ஒரு கணக்கை நோட்டில் எழுதிப் பார்த்த பிறகு முழு எடையோடு, மதியத்தில், லெட்வில்லிலிருந்து கிளம்ப யாருக்கும் மனசு வராது.

இன்னொன்று. 172எஸ் கையேட்டில் புறப்பாட்டுத் தூர அட்டவணை 8,000 அடி அழுத்த உயரத்தோடு முடிந்துவிடும். லெட்வில் அதற்கும் மேலே. அட்டவணையை மனக்கணக்கில் நீட்டிப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. அந்தக் கோடு நேராகப் போவதில்லை, மேலே போகப்போக வளைந்து எகிறும். எண்ணே இல்லாத இடத்தில் நம் கையில் இருப்பது மூன்று: எடையைக் குறைப்பது, குளிரில் போவது, ஓடுபாதையிலேயே சோதித்துப் பார்த்துப் பாதியில் நிறுத்தத் தயாராக இருப்பது.

எடை

அதிகபட்ச எடையில் 90 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். 172எஸ்ஸுக்கு 2,550 பவுண்டு என்றால் 2,295. எடை பத்து சதவீதம் குறைந்தால் புறப்படும் தூரம் ஏறக்குறைய இருபது சதவீதம் குறையும். நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம்? வெறும் விமானம் 1,700 பவுண்டு என்றால், மிச்சம் 595. இரண்டு பேர், 40 கேலன் எரிபொருள், ஒரு பை. அவ்வளவுதான். நான்கு இருக்கை இருக்கிறதே என்று நண்பர் குடும்பத்தையும் கூட்டிப்போகும் ஆசை வரும். விருந்தோம்பல் நல்ல பழக்கம்தான், ஆனால் அவர்களைக் காரில் வரச் சொல்லுங்கள். கார்ப் பாதை அருமையாக இருக்கும்.

எரிபொருளை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு குறைக்காதீர்கள். கணவாய் அடைத்துக்கொண்டால் சுற்றிவரவோ திரும்பவோ தேவையானது தனியாக இருக்க வேண்டும். லெட்வில்லில் எரிபொருள் கிடைக்கும். ஆனால் அங்கே நிரப்பும் ஒவ்வொரு கேலனும் 6 பவுண்டு எடை என்பதை மறக்க வேண்டாம்.

1996 ஏப்ரல் 11 அன்று வயோமிங் மாநிலத்தின் ஷயென் விமான நிலையத்தில் ஒரு செஸ்னா 177 கிளம்பிய சற்று நேரத்தில் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தாங்கும் சக்தியை இழந்து, விழுந்தது. அமெரிக்காவைக் குறுக்கே கடக்கப் புறப்பட்ட ஏழு வயதுச் சிறுமியும், அவளுடைய தந்தையும், பயிற்றுநரும் இறந்தார்கள். அன்று அங்கே கோடை வெயில் எதுவும் இல்லை. அடர்த்தி உயரம் 7,000 அடியைக்கூடத் தொடவில்லை. இடி மழை நெருங்கிக்கொண்டிருந்தது, விமானம் எடை வரம்பைத் தாண்டியிருந்தது, பயிற்றுநர் கலிபோர்னியாவின் கடலோரத்திலிருந்து வந்தவர், அந்த உயரம் அவருக்குப் பழக்கமில்லை. விசாரணை அறிக்கை இவை எல்லாவற்றையும் சேர்த்தே சொன்னது. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதாகத் தெரியாது.

வானிலை, காற்று, கிளம்பும் நேரம்

மலை முகட்டு உயரத்தில் காற்று எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி. முன்னறிவிப்பில் 12,000 அடிக் காற்றைப் பாருங்கள். 20 நாட்டுக்குள் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்) என்றால் போகலாம். 25 நாட் தாண்டினால் சிறு விமானத்துக்கு அன்று விடுமுறை. நடுவில் இருந்தால் அனுபவமுள்ளவர் கூட இருக்க வேண்டும். தரையில் காற்றே இல்லாத நாளில்கூட மேலே 40 நாட் வீசலாம், அதனால் சட்டைக் காலர் அசைகிறதா என்று பார்த்து முடிவு எடுக்காதீர்கள்.

காற்றை ஆற்று நீராக நினைத்துக்கொள்ளுங்கள். பாறையில் மோதும் பக்கம் ஏறும், பாறையைத் தாண்டியதும் விழும், அப்புறம் சுழிக்கும். முகட்டின் காற்று மோதும் பக்கத்தில் நமக்கு இலவச லிஃப்ட் கிடைக்கும். மறுபக்கத்தில் நிமிடத்துக்கு ஆயிரம் அடிக்கு மேல் கீழே இழுக்கும் காற்று கிடைக்கலாம். நம் ஏறும் திறனோ 150, 200. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். மலையின் காற்று இறங்கும் பக்கம் பாதாம் பருப்பு வடிவில், நகராமல் நிற்கும் வழவழப்பான மேகங்களைக் கண்டால் மேலே காற்று அலையடிக்கிறது என்று பொருள். அழகாக இருக்கும். தரையில் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை, ஆகஸ்ட்டில் கொலராடோவில் பருவக்காற்று ஈரம் ஏறும். காலை நீலவானம், மதியத்துக்குள் இடிமேகம் என்பது அன்றாட வழக்கம். ஆகவே விடிந்ததும் கிளம்பி, பத்து மணிக்குள் லெட்வில்லில் இருக்கப் பாருங்கள். திரும்புவதும் பதினொன்றுக்குள் முடிந்தால் நல்லது. இந்தியாவில் லே விமான நிலையத்துக்குப் பெரிய பயணிகள் விமானங்களே காலையில்தான் போய்வருகின்றன. பிற்பகலில் அங்கேயும் காற்று அடங்காது.

கொலராடோவில் ஒரு வசதி உண்டு. மனார்க், பெர்த்தௌட், வுல்ஃப் க்ரீக், வில்கர்சன் போன்ற கணவாய்களின் மேலேயே தானியங்கி வானிலைக் கருவிகள் வைத்திருக்கிறார்கள். விமான நிலையத்து வானிலையை மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்புவது, தெருமுனையைப் பார்த்துவிட்டு நெடுஞ்சாலை காலியாக இருக்கிறது என்று சொல்வதைப் போல. கணவாயைக் கேளுங்கள்.

இரவில் வேண்டாம், மேகத்துக்குள் வேண்டாம். இதில் விவாதமே இல்லை.

பாதை தேர்வு

டென்வர் பக்கமிருந்து வரைபடத்தில் நேர்கோடு போட்டால் அது மஸ்கீட்டோ மலைத்தொடரின் மேல் போகும். அங்கே கணவாயே 13,000 அடிக்கு மேல். நம் விமானத்துக்கு அது சரிப்படாது. உள்ளூர்க்காரர்கள் சுற்றுவழியில் போவார்கள். 10,000 அடி உயரமுள்ள கெனோஷா கணவாயைத் தாண்டினால் சவுத் பார்க் என்ற விரிந்த சமவெளி வரும். அதன் தென்மேற்கு மூலையில், 9,500 அடிக்கும் குறைவான ட்ரௌட் க்ரீக் கணவாய். அதைக் கடந்தால் பியூனா விஸ்டா. அங்கே 7,950 அடியில் நல்ல விமான நிலையம் உண்டு. பின்பு ஆர்கன்சா ஆற்றுப் பள்ளத்தாக்கில் வடக்கே ஏறக்குறைய 30 மைல் ஏறினால் லெட்வில். இடப்பக்கம் சவாச் மலைத்தொடர், அதில் 14,400 அடியைத் தாண்டிய எல்பர்ட், ராக்கி மலைகளிலேயே உயரமான சிகரம். வலப்பக்கம் மஸ்கீட்டோ.

இந்தப் பாதையில் எனக்குப் பிடித்தது அதன் அகலம். வழியெல்லாம் திரும்ப இடம் இருக்கிறது, இறங்க இடமும் இருக்கிறது. மனசு சரியில்லை என்றால் பியூனா விஸ்டாவில் இறங்கி ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

சின்ன விமானமோ பெரிய விமானமோ, மலையில் இதற்கு விலக்கு கிடையாது. 1970 அக்டோபர் 2 அன்று விச்சிட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி இரண்டு மார்ட்டின் 4-0-4 விமானங்களில் யூட்டா மாநிலத்தின் லோகனுக்குப் புறப்பட்டது. டென்வரில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, ஒன்று வழக்கமான வடக்குப் பாதையில் போய்ப் பத்திரமாகச் சேர்ந்தது. மற்றொன்று காட்சி பார்க்கும் பாதையாக க்ளியர் க்ரீக் பள்ளத்தாக்கில் நுழைந்தது. முன்னால் 12,000 அடியை ஒட்டிய லவ்லேண்ட் கணவாய். ஏறிக் கடக்கவும் உயரமில்லை, திரும்பவும் இடமில்லை. 31 பேர் இறந்தார்கள். பள்ளத்தாக்கின் தரை அந்த விமானத்தைவிட வேகமாக ஏறிக்கொண்டிருந்தது.

அதனால் பள்ளத்தாக்குக்குள் கீழிருந்து மேலாக நுழையும்போது, கடக்க வேண்டிய உயரம் ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். உள்ளே போய் ஏறிக்கொள்ளலாம் என்று போகக் கூடாது. அகலமான சமவெளியின் மேல் வட்டமடித்து உயரம் சேர்த்துக்கொண்டு அப்புறம் நுழையுங்கள்.

போகும்போது

முகட்டுக்கு மேல் குறைந்தது ஆயிரம் அடி, காற்று இருந்தால் இரண்டாயிரம். முகட்டை நேருக்கு நேராக நெருங்காமல் 45 டிகிரி சாய்வாக நெருங்குங்கள். கீழ் இழுக்கும் காற்று பிடித்தால் அப்போது 90 டிகிரி திரும்பினாலே தாழ்ந்த நிலத்தைப் பார்த்துவிடலாம். நேராகப் போயிருந்தால் 180 டிகிரி வேண்டும். கணவாயைக் கடக்கும் அளவு உயரம் இருக்கிறதா என்று சந்தேகமா? முகட்டுக்கு அந்தப்புறம் தெரியும் நிலத்தைக் கவனியுங்கள். நெருங்க நெருங்க அது அதிகமாகத் தெரிந்தால் நாம் மேலே. மறைந்துகொண்டே போனால் கீழே. உடனே திரும்புங்கள்.

பள்ளத்தாக்கில் நடுவில் பறக்காதீர்கள். ஏதாவது ஒரு ஓரம், முடிந்தால் காற்று ஏறும் ஓரம். நடுவில் இருந்தால் திரும்ப உள்ள அகலம் பாதியாகிவிடும். திரும்பும் வட்டம் உண்மையான வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேக மீட்டரில் 80 நாட் காட்டும்போது கடல் மட்டத்தில் உண்மை வேகமும் 80. 30 டிகிரி சாய்வில் வட்டத்தின் ஆரம் ஆயிரம் அடிக்குள் இருக்கும். 12,900 அடி அடர்த்தி உயரத்தில் அதே 80 காட்டும்போது உண்மை வேகம் 97. ஆரம் 1,450 அடி. அதாவது முழுசாகத் திரும்ப அரை மைல் போல அகலம் வேண்டும். 45 டிகிரி சாய்த்தால் ஆரம் 840 அடிக்குக் குறையும், ஆனால் ஸ்டால் வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். இந்தத் திருப்பத்தைப் பயிற்றுநரோடு, தரையிலிருந்து நல்ல உயரத்தில், கை பழகும்வரை செய்து பாருங்கள்.

கீழ் இழுக்கும் காற்றில் மாட்டினால் முதலில் விமானத்தின் மூக்கைத் தூக்கத்தான் தோன்றும். தூக்கினால் வேகம் போகும், அந்தக் காற்றிலேயே அதிக நேரம் நிற்பீர்கள். முழு த்ராட்டில் வைத்து, வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு, தாழ்ந்த நிலத்தை நோக்கித் திரும்பி வெளியே வாருங்கள்.

ஆக்சிஜன் பற்றி: அமெரிக்க விதிப்படி 12,500 அடிக்கு மேல் 30 நிமிடம் தாண்டினால் விமானிக்கு ஆக்சிஜன் கட்டாயம், 14,000 அடிக்கு மேல் முழு நேரமும். விதி இருக்கட்டும், என் கட்சி 10,000 அடிக்கு மேல் மூக்கில் குழாய் மாட்டிக்கொள்வதுதான். ஆக்சிஜன் குறையும்போது தலை சுற்றும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, எல்லாம் ரொம்ப நன்றாகப் போவதாகத் தோன்றும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கூட வருபவர் விரலிலும் பாருங்கள்.

இறங்குதல்

லெட்வில் ஓடுபாதை 6,400 அடி நீளம், 75 அடி அகலம். இறங்கத் தாராளம். ஆனால் கண் ஏமாற்றும்.

மீட்டரில் நீங்கள் கடற்கரையில் வைத்த அதே வேகத்தை வையுங்கள். 65 என்றால் 65. இறக்கைக்குத் தெரிவது அந்த எண்தான், ஸ்டாலும் அதே எண்ணில்தான் வரும். தரைமேல் மட்டும் 79 நாட்டில் போய்க்கொண்டிருப்பீர்கள். மரங்கள் பறந்து போகும், ஓடுபாதை பாய்ந்து வரும், கை தானாக மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைக்கப் பார்க்கும். மலை ஓடுபாதைகளில் கடைசித் திருப்பத்தில் ஸ்டால் ஆவது இப்படித்தான். கண்ணை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள். தரையைத் தொடும்போது இயக்க ஆற்றல் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஒன்றரை மடங்கு. பிரேக்குக்கு அந்த அளவு வேலை கூடுதல்.

இறங்கும் முன் சரிபார்ப்புப் பட்டியலில் "மிக்சர் ரிச்" என்று இருக்கும், அதாவது காற்றோடு கலக்கும் பெட்ரோலைக் கூட்டு என்று. கீழே ஓட்டிப் பழகிய கை யோசிக்காமல் அந்தக் கலவையை மாற்றும் சிவப்புக் குமிழை உள்ளே தள்ளிவிடும். இங்கே அப்படிச் செய்தால், மறுபடி எழும்ப வேண்டி வந்து த்ராட்டிலைத் தள்ளும்போது என்ஜின் அளவுக்கு மீறிய பெட்ரோலில் திணறும், ஏற்கெனவே 63 சதவீதம்தான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். இறங்கியபின் மெல்ல ஓடும்போதே அணைந்தும் போகலாம். அந்த உயரத்துக்கு ஏற்றபடி மெலிந்த கலவையிலேயே இறங்குங்கள்.

மறுபடி எழும்பும் முடிவைச் சீக்கிரம் எடுங்கள். ஓடுபாதைக்கு மேலே கடைசி நொடியில் முடிவெடுத்தால் ஏறுவதற்கு விமானத்திடம் ஒன்றும் மிச்சம் இருக்காது.

இறங்கியவுடன் அலுவலகத்துக்குப் போங்கள். வட அமெரிக்காவின் உயரமான விமான நிலையத்தில் இறங்கியதற்குச் சான்றிதழ் தருவார்கள். வாங்கிக்கொண்டு, நிறைய தண்ணீர் குடித்து, மாடிப்படி ஏதாவது இருந்தால் மெதுவாக ஏறுங்கள். வெப்பமானியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கிளம்புதல்

ஆபத்து இறங்குவதில் கொஞ்சம், கிளம்புவதில் நிறைய. இதில்தான் பொறுமை வேண்டும்.

தெற்கே, ஆற்றோடு கீழ்நோக்கிப் போகும் திசையில் கிளம்புங்கள். அந்தப் பக்கம் தரை தாழ்ந்துகொண்டே போகிறது. நாம் ஏறாவிட்டாலும் தரை நம்மைவிட்டு இறங்கும். லேசான பின்காற்று இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி வரும். என் பதில், காத்திருப்பது. மலையில் காற்று பகலில் பள்ளத்தாக்கின் மேல்நோக்கியும் இரவில் கீழ்நோக்கியும் திரும்பும் இயல்புடையது. கொஞ்ச நேரத்தில் மாறும்.

என்ஜினைத் தொடங்கியதுமே கலவையை மெலிதாக்கி ஓடுபாதைவரை மெல்ல ஓட்டிவாருங்கள், இல்லாவிட்டால் ஸ்பார்க் ப்ளக்குகளில் கரி படியும். ஓடுபாதை முனையில் பிரேக்கை அழுத்திப் பிடித்து முழு த்ராட்டில் கொடுங்கள். மிக்சர் குமிழை மெல்ல இழுக்க, சுழற்சி எண் ஏறும். ஏறி உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும் இடத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி நிறுத்துங்கள். டர்போ என்ஜினுக்கு இது பொருந்தாது, அங்கே கையேடு சொல்வதே சரி. இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் ஃப்ளாப் கையேட்டின்படி, 172எஸ்ஸில் 10 டிகிரி.

இப்போது பாதிப் புள்ளி. ஓடுபாதையின் பாதியில் ஓர் அடையாளத்தை முன்பே பார்த்து வையுங்கள். விளக்கோ, குறுக்குப் பாதையோ, எதுவாகவும் இருக்கட்டும். அங்கே போகும்போது மூக்கு தூக்கும் வேகத்தில் 70 சதவீதம் வந்திருக்க வேண்டும். 55 நாட்டில் தூக்குவீர்கள் என்றால் 39, சுலபமாக 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவில்லையா, த்ராட்டிலை மூடி நிறுத்துங்கள். இந்த விதி எங்கிருந்து வந்தது? சீரான முடுக்கத்தில் ஓடிய தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். 0.7 இன் வர்க்கம் ஏறக்குறைய பாதி. பாதித் தூரத்தில் 70 சதவீதம் வந்தால் மீதித் தூரத்தில் முழு வேகமும் வந்துவிடும்.

இதில் ஒரு பொறியும் உண்டு. ஓடுபாதை முடிவதற்குள் சக்கரம் எழும்பும் என்று மட்டும்தான் விதி சொல்கிறது. ஏறும் என்று சொல்லவில்லை. அதனால் நான் 6,400 அடியின் பாதியை எடுப்பதில்லை. ஓடுபாதை 5,000 அடிதான் என்று எனக்கு நானே பொய் சொல்லிக்கொண்டு, 2,500 அடியில் 40 நாட் கேட்பேன்.

சக்கரம் எழும்பியதும் கொண்டாட வேண்டாம். இறக்கை நீளத்துக்குள், 172க்கு 36 அடி உயரத்துக்குள், தரை தரும் தாங்கலில் விமானம் சுலபமாக மிதக்கும். அந்த மிதப்பை நம்பி மூக்கைத் தூக்கினால், தாங்கல் முடியும் உயரத்தில் ஏறவும் மாட்டாது, இறங்கவும் இடமிருக்காது. ஓடுபாதையின் மேலேயே தட்டையாகப் பறந்து வேகம் சேர்த்து, 72 நாட் வந்தபின் ஏறுங்கள். கடல் மட்டத்தில் செங்குத்தாக ஏறும் வேகம் 62, விரைவாக ஏறும் வேகம் 74. இடையில் 12 நாட். பத்தாயிரம் அடியில் அவை 67, 72. இடைவெளி 5 நாட் ஆகச் சுருங்கிவிட்டது. தவறு செய்ய இடம் அவ்வளவுதான்.

ஏறும்போது பெரிய சாய்வில் திரும்பாதீர்கள். நேராக ஆற்றைப் பிடித்துக்கொண்டு போங்கள். நிமிடத்துக்கு 200 அடி காட்டினால் சந்தோஷப்படுங்கள், மூக்கைத் தூக்கி 400 ஆக்கப் பார்க்காதீர்கள்.

வெயில் ஏறி 20 டிகிரி தொட்டுவிட்டால் கிளம்ப வேண்டாம். சாயங்காலம் ஆறுதலாகும்வரை ஊரைச் சுற்றிப் பாருங்கள், இருட்டுவதற்குள் முடியாது என்றால் அறை எடுத்துத் தங்குங்கள். ஒருமுறை எனக்கு அப்படி ஆனது. மறுநாள் காலை அலுவலகத்தில் லீவு சொன்னதற்குக் காரணம் கேட்டார்கள். "வெயில்" என்றேன். அப்போது வெளியே 4 டிகிரி.

பையில் என்ன இருக்க வேண்டும்

பறப்புத் திட்டத்தைப் பதிவு செய்யுங்கள், சேர்ந்ததும் மறக்காமல் முடித்துவையுங்கள். விழுந்த இடத்தைச் சிக்னலாக அனுப்பும் அவசரக் கருவியை இயக்கத் தெரிந்திருக்க வேண்டும், அதேபோன்ற கையடக்கக் கருவி இருந்தால் உடம்பிலேயே மாட்டிக்கொள்ளுங்கள், பின் இருக்கைப் பையில் போடாதீர்கள். தண்ணீர், தீப்பெட்டி, டார்ச், கம்பளி, மழை தாங்கும் மேலாடை. ஜூலையிலும் அந்த உயரத்தில் இரவு உறையும் குளிருக்குப் பக்கத்தில் போகும். செருப்போடு விமானம் ஓட்டும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். விழுந்தால், நடக்கத் தொடங்காமல் விமானத்தின் அருகிலேயே இருங்கள். தேடுபவர்கள் முதலில் கண்டுபிடிப்பது அதைத்தான்.

திரும்பும் வழியில்

பியூனா விஸ்டா தாண்டி ட்ரௌட் க்ரீக்கை நோக்கித் திரும்பும் முன், தேவையான உயரம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பள்ளத்தாக்கின் அகலமான பகுதியில் ஒரு வட்டம் போட்டு ஏறிக்கொள்ளுங்கள். டென்வர் பக்கம் இறங்க இறங்க மிக்சரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டே வர வேண்டும். மேலே வைத்த மெலிந்த கலவையிலேயே கீழே வந்து த்ராட்டில் கொடுத்தால் என்ஜின் சூடேறித் தடுமாறும்.

கட்டிப்போட்டு வீட்டுக்குப் போவதற்குள் ஒரு வேலை. அன்றைய வெப்பம், அழுத்த உயரம், எடை, எங்கே 40 நாட் வந்தது, எங்கே சக்கரம் எழும்பியது, முதல் ஐந்து நிமிடத்தில் எத்தனை அடி ஏறியது என்று நோட்டில் எழுதிவையுங்கள். கையேட்டு அட்டவணை 8,000 அடியில் நின்றுவிட்டது அல்லவா, அதற்கு மேலான வரிகளை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். என் நோட்டில் இதுவரை பதினோரு வரி.